காட்சியும் கேண்மையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் வழங்குதல் இப்பிரதேச மரபு. ஞாயிறு படும் திசையும் எழும் திசையுமே இவ்விரு பெயர்களுக்கும் காரணமாயின. போரதீவுப்பற்றைச் சேர்ந்த வெல்லாவெளி படுவான்கரை ஊர்களுள் ஒன்று. வயலும் குளமும் அவ்வூரார்க்கு அண்மையில் உள்ளன, கடலோ அவ்வாறன்று. கடலைக் காண விரும்பும் வெல்லாவெளியார் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிப் பக்கம் செல்லுதல் வேண்டும். நெடுங்காலமாக மண்டூர்த் துறையிற் பாதையேறிக் குருமண்வெளியில் இறங்கியும் மக்கள் அக்கரை சேர்ந்துள்ளனர். ('பாதை' என்பது ஈண்டு நிலத்திற் கிடக்கும் வழியன்று, ஆட்களையும் வண்டிகளையும் சுமந்து நீரைக் கடக்கும் மிதவைக்கு இப்பிரதேசத்தார் இட்ட பெயர். நடப்பதற்குரிய சொல்லை மிதப்பதற்குச் சூட்டிய அவர்தம் துணிவு பாராட்டத்தக்கது.)

இவ்வாறு கடல் பார்க்கச் செல்வோருள் ஒருசாரார் உண்மையிற் கடலைப் பார்ப்பதற்குச் செல்வதில்லை; மனிதரைப் பார்ப்பதற்கே செல்கின்றனர். திருவிழாக் கடைத்தெருவிலும், கடற்கரைக் களியாட்டத்திலும், பேருந்து நிலையத்திலும் ஒரு தூணோரமாக நின்றுகொண்டு, வருவோர் போவோரின் முகங்களையும் நடைகளையும் சண்டைகளையும் சமாதானங்களையும் கண்டு மகிழ்வது இவர்தம் இயல்பு. பேச்சுவழக்கில் இதனைப் புதினம் பார்த்தல் என்றும் விடுப்புப் பார்த்தல் என்றும் கூறுவர். இவ்விரு தொடர்களிலும் சிறிது இகழ்ச்சி கலந்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது. பிறரைப் பார்ப்பதால் எவருக்கும் ஒரு சதமேனும் நட்டமில்லை. அவ்வாறிருக்கவும் அதனை ஊர் ஏன் இகழ்கின்றது? ஒருவரைப் பார்த்தவன் தான் பார்த்தமை காரணமாக அவருக்கு ஏதேனும் கடமைப்பட்டவன் ஆகின்றானா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

வினாவைத் தெளிவுறுத்தும் பொருட்டு ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்ளலாம். எழுவான்கரை மணற்பரப்பொன்றில் வெளியூர்க் களியாட்டக்காரர் வந்து கொட்டில் அமைத்திருப்பதாகக் கொள்க. இராட்டினம், வளையம் எறிதல், பலூன் சுடுதல், மரணக்கிணறு, கச்சான் கடை, காப்புக் கடை ஆகியன வரிசையாக நிற்கின்றன. வெல்லாவெளியைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் மாலைதோறும் அங்கு வருகின்றான். அவன் இராட்டினத்தில் ஏறுவதில்லை, வளையம் எறிவதில்லை. ஒரு பொட்டலம் கச்சானுடன் ஒதுங்கி நின்று, இராட்டினத்தை இயக்கும் தொழிலாளியையும் அவனைச் சூழ்ந்த கூட்டத்தையும் பார்த்துக்கொண்டே நிற்கின்றான். எவரேனும் அவன் முகத்தை நேரே நோக்கினால் உடனே கடலின் பக்கம் திரும்பிவிடுவான். தன்னைப் பற்றி எவருக்கும் எதுவும் கூறாதவன். பிறரைப் பற்றி எல்லாம் அறிய விழைபவன். இத்தகையோன் இழிந்தவன் அல்லன். பெரும்பாலும் அவன் நல்லவனாகவும் நுண்ணுணர்வுடையவனாகவுமே இருப்பான். எனினும் அவனது இருப்பில் ஏதோவொரு சமனின்மை உண்டு.

அச்சமனின்மையைக் கண்டிக்குமுன் இம்மண்ணில் ஒருவன் தன்னை ஒளித்துக்கொள்வதற்குரிய நியாயத்தையும் எண்ணிப் பார்த்தல் முறை. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் ஈழத்தமிழர் வழக்கிலே 'தலையாட்டி' என்றொரு சொல் பிறந்தது. சுற்றிவளைப்பின்போது முகமூடியணிந்த ஒருவன் இருத்தப்படுவான். ஊரவர் ஒவ்வொருவராக அவன்முன் நடத்தப்படுவர். அவன் தலையை அசைத்தால் நடந்து சென்றவரின் விதி அக்கணமே தீர்மானமாகும். 1990ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 5ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேர் இவ்வாறே முகமூடியணிந்தோர் அடையாளங்காட்ட இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் மீளவில்லை. பார்வை என்பது வெறும் பார்வையாக இராது, கொலைக்கருவியாகவும் மாறக்கூடும் என்பதனை மட்டக்களப்பு மக்கள் நூலிற் கற்கவில்லை. அவ்வாண்டுகளைக் கடந்துவந்த தாய் தந்தையர் தம் பிள்ளைகளுக்கு, கண்டதைக் கண்டேன் என்று சொல்லாதே, கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லாதே என்று அறிவுறுத்தினராயின் அதனைக் கோழைத்தனம் என்று கூறுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. நம் இளைஞனின் ஒதுக்கம் அவனது சொந்தக் குணமாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. அது வழிவழி வந்த காப்பாகவும் இருக்கலாம்.

ஆயினும் ஒளிதல் வேறு, ஒளிந்து பார்த்தல் வேறு. தன்னை எவரும் பாராதிருக்க விரும்புவது தற்காப்பு. தான் மட்டும் எல்லாரையும் பார்க்க விரும்புவது தற்காப்பின் எல்லையைத் தாண்டிய ஒன்று. முகமூடியின் பயன் முகத்தை மறைப்பது மட்டுமன்று. கண்களைத் திறந்துவைத்தபடி முகத்தை மறைப்பதே அதன் முழுப்பயன். களியாட்டத்தின் ஓரத்தில் நிற்கும் இளைஞனுக்கும் சுற்றிவளைப்பின் முகமூடிக்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. அமைப்பில் மட்டும் ஓர் ஒப்புமை உளது. அவ்வொப்புமையே அவனை உள்ளூர உறுத்துகின்றது எனலாம்.

பழந்தமிழர் இவ்விடயத்தில் ஒரு நுண்ணிய சொல்லை வழங்கியுள்ளனர். அது 'பொதுநோக்கு' என்பது. மலையமான் திருமுடிக்காரியை நோக்கிக் கபிலர் பாடிய புறநானூற்றுச் செய்யுளொன்றில் (121) இச்சொல் இடம்பெறுகின்றது. பரிசில் நாடி நாற்றிசையினின்றும் பலர் வருவர். அவர்க்கெல்லாம் ஈதல் எளிது. ஒவ்வொருவரது தகுதியை அறிதலே அரிது. ஆதலின் புலவரிடத்துப் பொதுநோக்கை ஒழிக என்பது கபிலர் வேண்டுகோள். கபிலர் அவ்வரசனைக் கருமி என்று குறைகூறவில்லை என்பது கவனித்தற்குரியது. அவன் வாரி வழங்குபவன். வழங்கும்போது எதிரில் நிற்பவர் எவர் என்று காணாமல் வழங்குகின்றான் என்பதே குறை. கொடை பெற்ற பின்னரும் ஒருவர் காணப்படாதவராகவே திரும்பிப் போகக்கூடும் என்பதனை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அண்மித்த காலத்தில் ஒரு புலவர் உணர்ந்திருந்தார்.

களியாட்டத்தின் ஓரத்தில் நிற்பவன் கூர்ந்து பார்ப்பவன் ஆயிற்றே, அவனது பார்வை எங்ஙனம் பொதுநோக்காகும் என்று வினவலாம். கூர்மை வேறு, சிறப்புநோக்கு வேறு. அவன் அத்தொழிலாளியின் தோளிலுள்ள தழும்பைக் கண்டிருப்பான். அவன் இயந்திரத்தை நிறுத்துமுன் ஒருமுறை நெற்றியைத் துடைக்கும் வழக்கத்தையும் கண்டிருப்பான். ஆனால் அவ்விடத்தில் வேறொரு தொழிலாளி நின்றிருந்தால் அவனது தழும்பையும் அதே ஆவலுடன் கண்டிருப்பான். காட்சிக்கு ஆள் வேண்டும்; இன்ன ஆள் வேண்டும் என்பதில்லை. பொதுநோக்கின் இலக்கணம் இதுவே.

திருக்குறளிலே 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில் 71ஆம் அதிகாரம். மற்றது காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். ஒரே பெயரை இருமுறை இட்டமைக்கு இலக்கணக் காரணம் எதுவாயினும், பொருட்காரணம் ஒன்றை ஈண்டு ஊகிக்கலாம். முன்னையதில் அமைச்சன் அரசன் முகத்தைப் படிக்கின்றான். அவன் படிப்பது அரசனுக்குத் தெரியவேண்டியதில்லை; தெரியாதிருப்பதே பல வேளைகளில் நன்று. பின்னையதில் தலைவன் தலைவியைப் பார்க்கின்றான். அவளும் அவனைப் பார்க்கின்றாள். அவன் பார்க்கும்போது அவள் கண் தாழ்வதும், அவன் பாராதபோது அவள் கண் உயர்வதுமாகிய ஊசலாட்டமே அங்கு செய்தி. முகம் படிக்கும் செயல் இரண்டிலும் ஒன்றே. ஒன்றிற் பார்வைக்கு மறுமொழி இல்லை. மற்றதில் மறுமொழியே பார்வையின் பொருள். களியாட்ட இளைஞன் அமைச்சனுக்குரிய கண்களைக் கொண்டு கடற்கரைக்கு வந்துள்ளான். இதில் வேடிக்கை யாதெனில், அவனுக்குக் காக்க வேண்டிய அரசும் இல்லை.

பார்ப்பதையே ஒரு தொழிலாக, ஏன், ஓர் இயக்கமாகவே நடத்திய வரலாறும் உண்டு. அதிலும் ஒரு கடற்கரைக் களியாட்ட நகரத்திலேயே நடத்திய வரலாறு. 1937ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரொம் ஹரிசன், சார்ள்ஸ் மாட்ஜ், ஹம்பிரி ஜெனிங்ஸ் ஆகியோர் 'மக்கள் நோக்கு' எனப் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பினைத் தொடங்கினர். ஹரிசன் அதற்கு முன்னர் பசிபிக் தீவுகளில் வாழ்ந்து அம்மக்களைப் பற்றி நூலெழுதியவர். தொலைதூரத் தீவினரை ஆராய்வது போலவே இங்கிலாந்தின் தொழிலாளரையும் ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. போல்ற்றன் என்னும் பஞ்சாலை நகரத்தில் வீடெடுத்துத் தங்கிய அவர்தம் குழுவினர், மதுச்சாலைகளிலும் தேவாலயங்களிலும் வீதிகளிலும் மக்களின் பேச்சையும் செயலையும் குறித்துக்கொண்டனர். பஞ்சாலைத் தொழிலாளர் ஆண்டுக்கொரு முறை விடுமுறை வாரத்தில் பிளக்பூல் கடற்கரைக்குச் செல்வர். அங்கு கோபுரமும் இராட்டினங்களும் நடனக்கூடங்களும் வேடிக்கைக் கொட்டில்களும் நிறைந்திருந்தன. நோக்கர்களும் அவர்களைத் தொடர்ந்து சென்றனர். இரவில் மணற்பரப்பில் அமர்ந்திருந்த காதலர்களையும் விடாது எண்ணிக் குறித்தனர் என்பது அவ்வியக்கத்தின் ஊக்கத்தைக் காட்டும். ஊக்கத்தின் எல்லையின்மையையும் காட்டும். அக்குழுவிற் படப்பிடிப்பாளராக இருந்த ஹம்பிரி ஸ்பெண்டர் சிறிய கமராவைத் தம் மேலங்கிக்குள் மறைத்துவைத்துப் படமெடுத்தார். வசதியான குடும்பத்திற் பிறந்த தாம் தொழிலாளரின் வாழ்வுக்குள் ஒற்றனைப் போல நுழைவதாக அவருக்கு உள்ளுறுத்தல் இருந்தது.

அவர்தம் முயற்சியை முற்றாகப் பழித்தல் தகாது. அவர்கள் பாராதிருந்தால் அம்மக்களின் சிரிப்பும் செலவும் உடையும் உணவும் எவருடைய ஏட்டிலும் ஏறியிரா. ஆளுவோரின் கடிதங்கள் மட்டுமே வரலாறென எஞ்சியிருக்கும். மட்டக்களப்பின் வயற்கூலியாளரையும் வாவி மீனவரையும் அவ்வாறு எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவரேனும் பார்த்து எழுதியிருந்தால் இன்று எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்று ஏங்காதார் இரார். ஆகவே பார்த்தலே குற்றம் என்பது வாதமன்று. பிளக்பூலின் மணலில் இருந்த ஒருவர் எழுந்து, "நீர் யார்? எதற்காக எழுதுகின்றீர்?" என்று கேட்பதற்கு அவ்வேற்பாட்டில் இடமிருந்ததா என்பதே வினா.

நெருங்கி வாழ்ந்தாற் போதும், நட்பு தானே விளையும் என்பாரும் உளர். இக்கூற்றினைச் சோதிப்பதற்கு மானிடவியலின் முன்னோடியாகிய மலினொவ்ஸ்கியின் வரலாறு உதவும். முதலாம் உலகப்போர்க் காலத்தில் திரோபிரியந்த் தீவு மக்களின் நடுவே கூடாரமடித்து வாழ்ந்து, அவர்தம் மொழியையே கற்று, 1922இல் அவர் வெளியிட்ட நூல் அத்துறையில் ஒரு மைல்கல். அம்மக்களுடன் வாழ்ந்த காலத்தில் அவர் எழுதிய அந்தரங்க நாட்குறிப்பு அவர் மறைந்து கால் நூற்றாண்டின் பின் 1967இல் அச்சேறியது. அதிலே சலிப்பும், எரிச்சலும், அம்மக்கள் மீது வெறுப்பும் வெளிப்பட்டமை கண்டு அறிஞர் உலகம் திடுக்கிட்டது. அவரது நூல் பொய்யன்று. அவர் கண்டவை உண்மையே. ஒருவரைச் செவ்வனே அறிவதற்கு அவரை விரும்பியாதல் வேண்டும் என்ற ஆறுதலான நம்பிக்கையை அந்நாட்குறிப்பு தகர்த்துவிடுகின்றது. அறிவு நட்பாக முதிராமலும் அறிவாக நிலைக்கும்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு வெல்லாவெளிக்கு மிக அண்மையிலேயே உண்டு. 1980களின் தொடக்கத்தில் மார்க் விற்றேக்கர் என்னும் அமெரிக்க மானிடவியல் மாணவர் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலை ஆராய வந்தார். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் அக்கோயிலின் உரிமைகளையும் சடங்குகளையும் அவற்றைச் சூழ்ந்த பிணக்குகளையும் அவர் கண்டு எழுதிய நூல் 1999இல் வெளிவந்தது. அவர் மட்டக்களப்பில் இருந்த நாட்களில் தர்மரத்தினம் சிவராம் என்னும் மட்டக்களப்பு இளைஞருடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது. சிவராம் பின்னர் தராகி என்ற புனைபெயரில் எழுதிய பத்திரிகையாளராக அறியப்பட்டார். 2005 ஏப்ரல் 28ஆம் நாள் இரவு கொழும்பிற் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் காணப்பட்டார். 2007இல் விற்றேக்கர் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழிற் கூறின் 'சிவராமிடம் அரசியல் கற்றல்' என்றாகும். சிவராமின் அரசியலை எவர் எவ்வாறு மதிப்பிடினும் ஆகுக. இத்தலைப்பிலுள்ள வேற்றுமையுருபு நம் வினாவுக்கு மிகவும் இன்றியமையாதது. 'சிவராமை அறிதல்' என்று அவர் எழுதவில்லை. ஆராய வந்தவர் மாணவராகின்றார்; ஆராயப்படும் மண்ணைச் சேர்ந்தவர் ஆசிரியராகின்றார். பார்வை ஒருவழிப் போக்காக இருந்த நிலை மாறி, பார்க்கப்பட்டவரும் பார்த்தவரைப் பார்த்துத் திருத்தத் தொடங்கிய இடத்திலேதான் கேண்மை முளைகொள்கின்றது.

மீண்டும் கடற்கரைக்கு வருவோம். பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தர் 1943இல் வெளியிட்ட தம் பெருநூலில் ஓர் உதாரணம் காட்டுவார். ஒருவன் சாவித்துவாரத்தினூடாக உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். அக்கணத்தில் அவன் தன்னையே மறந்த வெறும் கண். திடீரெனப் பின்னால் காலடியோசை கேட்கின்றது. அவ்வளவில் அவன் கூசிக் குறுகி, பிறர் பார்வைக்கு ஒரு பொருளாகிவிடுகின்றான். சார்த்தரின் கருத்தில் பிறர் பார்வை என்பது பெரும்பாலும் இவ்வாறான தாக்குதலே. களியாட்ட இளைஞன் அஞ்சுவதும் அக்காலடியோசையையே.

ஆனால் அவ்வறிஞர் காட்டிய உதாரணத்தில் பின்னால் வருபவன் வெறும் காலடியாகவே இருக்கின்றான். இராட்டினத் தொழிலாளி அத்தகையவன் அல்லன். அவனும் பார்ப்பவனே, சொல்லப்போனால் அவ்விடத்தில் எல்லாரினும் மிகுதியாகப் பார்ப்பவன் அவனே. பெட்டியில் ஏறும் சிறுவனின் கை தடுப்புக் கம்பிக்கு வெளியே நீள்கின்றதா, பூட்டு முற்றாக விழுந்ததா, உச்சியிற் சென்ற பெண்ணின் சிரிப்பு அச்சமாக மாறுகின்றதா, ஒரு பக்கத்திற் பாரம் கூடிச் சக்கரம் சரிகின்றதா, குடித்தவன் எவனேனும் படியேறுகின்றானா என்றெல்லாம் அவன் ஒவ்வொரு சுற்றிலும் காணுதல் வேண்டும். காணத் தவறினால் ஓர் உயிர் போகும். அவன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கூட்டத்தைப் பார்க்கின்றான். அக்கூட்டத்தில் எவருடைய பெயரும் அவனுக்குத் தெரியாது. எனினும் அவனது பார்வையைப் பொதுநோக்கு என்று கூற நா எழவில்லை. அவன் பார்ப்பது அவர்களுக்காக. இளைஞன் பார்ப்பதோ தனக்காக. பார்வையின் நெருக்கமும் நீளமும் அறத்தைத் தீர்மானிப்பதில்லை. பார்த்ததற்கு விடைசொல்லும் பொறுப்பு எவன் தலையில் இருக்கின்றது என்பதே தீர்மானிக்கின்றது.

இத்தகைய கண்களையுடைய தொழிலாளி, மாலைதோறும் ஒரே இடத்தில் நின்று கச்சான் உடைக்கும் இளைஞனைக் காணாதிருப்பானா? முதல் நாளே கண்டிருப்பான். இவன் காசு தரும் ஆளா, களவெடுக்க வந்த ஆளா, பொலிசாரின் ஆளா என்று எடைபோட்டு, மூன்றும் அல்ல என்று தெளிந்து, விட்டுவிட்டிருப்பான். தன்னை எவரும் காணவில்லை என்று இளைஞன் நம்பியிருந்த அத்தனை நாட்களும் அவன் காணப்பட்டுக்கொண்டே இருந்தான். ஒரு மாலையிற் காற்று மிகுந்து கொட்டிலின் படங்கு கிழியத் தொடங்கும்போது அத்தொழிலாளி அவனை அழைத்து, "தம்பி, ஏறுறதெண்டா ஏறுங்க; இல்லாட்டி இந்தக் கயித்தயாவது கொஞ்சம் புடிங்க" என்று கூறுவானாயின், அச்சொற்களில் ஒரு கேலியும் ஒரு நம்பிக்கையும் ஒருங்கே இருக்கும். நான் உன்னை நெடுநாளாக அறிவேன் என்பதும் அதனுள் அடங்கும்.

கயிற்றைப் பிடித்த கைக்கும் பிடிக்கச் சொன்ன வாய்க்கும் இடையே உடனே நட்பு உண்டாகிவிடும் என்று கூறுதல் மிகை. அரிஸ்தோத்தல் நட்பினைப் பயன் கருதியது, இன்பம் கருதியது, பண்பு கருதியது என மூவகைப்படுத்தினார். ஒருவன் இன்பத்தையும் மற்றவன் பயனையும் கருதும் உறவுகளில் முறைப்பாடுகள் எழும் என்றும் அவர் கண்டார். களியாட்டத்தில் உறவு எப்போதும் அவ்வாறே தொடங்குகின்றது: ஒருவனுக்குப் பொழுதுபோக்கு, மற்றவனுக்குப் பிழைப்பு. இளைஞன் "உங்கட தொழில் எவ்வளவு சுவாரசியம், அண்ணன்" என்று கூறினால் அத்தொழிலாளிக்கு அது புண்ணில் உப்பிட்டாற்போல இருக்கலாம். கூலியின் பாதியை முதலாளி பிடித்துவைத்திருக்கும்போது, பிள்ளைகளைத் தொலைவில் விட்டுவந்திருக்கும்போது, சுவாரசியம் என்பது பார்ப்பவனின் சொல். நட்பு மெல்லவே வருதல் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். ஒருவர் மற்றவரின் சொற்களைப் பயிலுவதற்கு நாட்கள் தேவை. இளைஞன் தன் ஊரின் பெயரைக் கூறுவதற்கே ஒரு வாரம் ஆகலாம். தந்தை எவ்வாறு இல்லாமற்போனார் என்று கூறுவதற்கு அக்களியாட்டக் காலம் முழுவதும் போதாமலும் போகலாம்.

வள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தலை வைத்தார். ஆராயாது கொண்ட நட்பு இறுதியிற் பெருந்துயர் தரும் என்பது அவர் எச்சரிக்கை. ஒதுங்கி நின்று பார்ப்பவன் இதனையே தனக்குச் சாதகமாகக் காட்டக்கூடும்: நான் ஆராய்ந்துகொண்டிருக்கின்றேன் என்பான். ஆனால் அவ்விரண்டனையும் அடுத்து வள்ளுவர் வைத்தது பழைமை என்னும் அதிகாரம். அங்கே நண்பன் கேளாமலே உரிமையுடன் செய்தவற்றை ஏற்றுக்கொள்ளும் பண்பு பேசப்படுகின்றது. ஆராய்ச்சிக்கு ஒரு முடிவு உண்டு. அதன் பின்னர் கதவைத் திறந்துவிடுதல் வேண்டும் என்பதே இவ்வதிகார வைப்பின் கருத்தாதல் கூடும். ஆராய்தலையே வாழ்வாகக் கொள்பவன் வள்ளுவரின் மாணாக்கன் அல்லன்.

இனி, நம் கற்பனை நிலைமையில் ஓர் இரவைச் சேர்த்துக்கொள்க. கூட்டம் நெருக்கியடிக்கும் நேரத்தில் ஒரு குழந்தையின் கழுத்துச் சங்கிலி காணாமற்போகின்றது. களியாட்டக்காரர் வெளியூரார், சிலர் வேற்று மொழியினர், ஊரவரின் ஐயம் வேறெங்கும் செல்லாது. குழந்தையை இறுதியாகத் தூக்கி இறக்கியவன் அந்த இராட்டினத் தொழிலாளி. நான்கு பேர் அவன் சட்டையைப் பற்றுகின்றனர். இளைஞன் வழக்கம்போல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன். குழந்தை இராட்டினத்தில் ஏறும்போதே கழுத்திற் சங்கிலி இருக்கவில்லை என்பதை அவன் கண்டிருக்கின்றான். அதனைக் கண்டவன் அவன் ஒருவனே. ஏனெனில் மற்ற எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருந்தனர்.

இப்பொழுது அவன் வாய் திறத்தல் வேண்டும். திறந்தால், நீ ஏன் அந்தக் குழந்தையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்று அவனையே கேட்பார்கள். நாள்தோறும் நீ இங்கு வந்து நிற்பது எதற்காக என்றும் கேட்பார்கள். அவன் இத்தனை நாள் காத்துவந்த மறைவு அவ்வளவில் முடிந்துபோகும். சொந்த ஊராருக்கு எதிராக வெளியூரானுக்குப் பரிந்தவன் என்ற பெயரும் வரும். வாளாவிருப்பின் எதுவும் நேராது; அவனுக்கு.

பழந்தமிழிற் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர். கண்டவன் கரியாவான். ஒன்றைக் காணும் போதே அதற்குச் சாட்சியாகும் கடனும் உடன் பிறந்துவிடுகின்றது என்றும், அக்கடன் பெரும்பாலும் கேட்கப்படாமலே கிடந்து, ஒரு நாள் திடீரெனக் கேட்கப்படுகின்றது என்றும் கொள்வது பொருந்தும். தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இதுவே விடையாகத் தோன்றுகின்றது. பார்ப்பவன் பார்க்கப்படுபவனுக்குப் பணம் கடமைப்பட்டவன் அல்லன்; அன்பும் கூடக் கடமைப்பட்டவன் அல்லன், அன்பைக் கடனாக விதிக்க இயலாது. தான் கண்டதைக் கடமைப்பட்டவன். தலையாட்டியும் தான் கண்டதையே கூறினான் என்று ஒருவர் மறுத்துரைக்கலாம். அவன் கூறியது முகத்தை மறைத்துக்கொண்டு. அவனிடம் எவரும் திருப்பி ஒரு வினாக் கேட்டிருக்க முடியாது. சாட்சியோ முகத்தைக் காட்டி, பெயரைக் கூறி, குறுக்குக் கேள்விக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தே பேசுகின்றான். ஊர் புதினம் பார்ப்பவனை இகழ்வதன் காரணமும் இங்கே விளங்குகின்றது. அவன் எல்லாம் கண்டவன். கேட்கும்போது ஒன்றும் அறியாதவன்.

அவன் பேசினான் என்றே கொள்க. அதனால் அவன் அத்தொழிலாளியின் நண்பனாகிவிட்டானா? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். வடக்கிருந்த சோழன் தன்னருகே ஆந்தையாருக்கு இடம் ஒதுக்கிவைக்கச் சொன்னதையும், அவர் வரமாட்டார் என்று சான்றோர் ஐயுற்றதையும், அவர் வந்தே சேர்ந்ததையும் புறநானூறு கூறும். உணர்ச்சி ஒத்தாற் புணர்ச்சியும் பழகுதலும் வேண்டா என்பதற்குப் பரிமேலழகர் இவ்விருவரையே சான்று காட்டினார். கண்ணே இல்லாத நட்பு அது. எனினும் அவ்வரலாற்றின் உச்சம் உணர்ச்சியில் இல்லை. ஆந்தையார் பாண்டி நாட்டிலிருந்து சோழ நாட்டுக்கு நடந்து வந்ததில் இருக்கின்றது. ஒதுக்கப்பட்ட இடத்தில் வந்து இருந்தார். இளைஞனும் தூணோரத்திலிருந்து இராட்டினத்தின் அடிவரை நடந்தான். இருபது அடித் தூரம் இருக்கலாம்.

இங்கு கவனியாது விடப்படும் ஒன்று உண்டு. நட்பைப் பற்றிய எழுத்துகள் யாவும் நெருங்க விரும்புபவனின் பக்கத்திலிருந்தே எழுதப்படுகின்றன. அத்தொழிலாளிக்கு இந்நட்பு வேண்டியதுதானா என்று எவரும் கேட்பதில்லை. அவன் ஆண்டுக்குப் பல ஊர்களைக் காண்பவன். ஒவ்வொரு ஊரிலும் ஒதுங்கி நின்று பார்க்கும் ஓர் இளைஞன் இருந்திருக்கக்கூடும். எல்லாரையும் நினைவில் வைத்துக்கொள்ள அவனுக்கு நேரமில்லை; பிரிந்த நண்பர்களை எண்ணி வருந்தும் வசதியும் இல்லை. அவன் தன் தேநீரில் பாதியைத் தந்ததும், கிழிந்த படங்கின் கீழ் இருக்கச் சொன்னதும், தன் மகளின் படத்தைக் காட்டியதும் அவ்வளவிலேயே முழுமை பெற்ற செயல்களாக இருக்கலாம். கொட்டில்களைப் பிரித்துச் சக்கரத்தைக் கழற்றி லொறியில் ஏற்றும் நாளில் அவனுக்கு வேண்டியது பிரியாவிடையன்று. கம்பிகளின் மறுமுனையைத் தூக்கிப் பிடிக்க இன்னும் ஓர் ஆள். அந்நாளிற் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து விடியுமுன் இளைஞன் வந்து நிற்பானா என்பதை எந்த மெய்யியலும் முன்கூட்டிச் சொல்வதற்கில்லை.